கதம்பைக் குளத்து வெள்ளமும் உன் எலிகளும்

நேற்று மத்தியானம், மூலிகை டானிக் காய்ச்சி விற்கும் டானிக்காரன் ஒரு புதுப் பாட்டிலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். அதில் உன் முகம் இருந்தது. பாட்டிலை எடுத்துக் கடை வாசலில் போட்டு உடைத்தேன். நடந்தது இவ்வளவுதான்.

அந்தப் படத்தை அவன் எங்கிருந்து எடுத்தான் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நீ இறந்த அன்று களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரை நான் அச்சடித்து ஒட்டிய அடக்க போஸ்டர். நீலச் சேலை, ஒரு பக்கம் சரிந்த மூக்குக் கண்ணாடி. சுவரில் இருந்து கிழித்திருக்கிறான், இல்லையென்றால் அச்சகத்தில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். உன் தாடைக்குக் கீழே 'கதிர்வீச்சிலிருந்து காக்கும் மூலிகையைக் கண்டறிந்த பேராசிரியை' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தான்.

"டீச்சருக்கு ஒரு மரியாதையா இருக்கட்டும்னுதான் அக்கா" என்றான். சிரிப்பு வேறு.

உடைந்த பாட்டிலிலிருந்து கருப்பட்டிப் பாகும் கிராம்புமாக ஒரு மணம் வந்தது. போகிறவர்கள் வருகிறவர்களுக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கும். எனக்கு அதற்கு அடியில் இன்னொரு நாற்றம் தெரிந்தது. பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். இன்று காலை ஷட்டரைத் தூக்கியபோது அது அங்கேயே நின்றது. என் குடோனுக்குப் பின்னால் தேங்காய்க் கதம்பையை மாதக்கணக்கில் அழுகப்போட்டிருக்கும் குளத்தின் நாற்றம். அதனால்தான் இன்று கடையைத் திறந்து வைத்துவிட்டு வியாபாரம் பார்க்காமல் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு வரை நீயும் நானும் ஒரே பெஞ்சு. அதற்குமேல் நீ படித்தாய், நான் பச்சமருந்துச் செடி பறித்தேன். நீ கல்லூரியில் விலங்கியல் துறையில் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் நான் களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம் சொந்தமாக ஒரு குடோன் போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஆயுர்வேத அரிஷ்டமும் எண்ணெயும் காய்ச்சுகிறவர்கள் என் சாக்கைத் திறந்து பார்க்காமல் எடுத்துப் போகும் அளவுக்குப் பெயர். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பெயரைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்காக.

சுனாமிக்கு மறு வருஷம் நீ குடையும் கையுமாக வந்தாய்.

"ஏட்டி, ரெண்டு சாக்கு சரக்கு வேணும். கையில காசில்ல."

"காசில்லாதவளுக்கு எதுக்குட்டி ரெண்டு சாக்கு?"

"எலிக்கு."

நான் சிரித்த சிரிப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ சாக்கு மேலேயே உட்கார்ந்து விளக்கினாய். கதிர்வீச்சு பட்டால் உடம்பில் எலும்பு மஜ்ஜை சாகும், குடல் உரிந்து போகும். ஆனால் கதிர் படும் முன்னால் சில பொருளை எலிக்குள் செலுத்தினால் அது தாங்கும். வேறு சில பொருள் போனால் பாதி அளவு கதிருக்கே செத்துவிடும். உனக்கு அதில் ஒரு செடியைப் பார்க்க வேண்டும், பட்டத்துக்கான ஆராய்ச்சி அதுதான். "கதிரு எல்லா எலிக்கும் ஒரே அளவுதான் கேட்டியா. சாவு ஒரே அளவில்ல. முந்துன நாளு அதுக்குள்ள என்ன போச்சுங்கதுதான் காரியம்" என்றாய்.

செடியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே இன்னொருத்தன் புட்டியில் அடைப்பான்.

அன்று உனக்கு நல்ல சரக்காகத்தான் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். நல்ல சரக்கென்றால் என் குடோனில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாது. காய்ந்த செடிக்குக் கனம் கிடையாது. எடை போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு வாளி வெள்ளம் தெளித்து, சாக்கைப் போட்டு மூடி வைத்தால் விடியும்போது ஈரத்தை இழுத்துக்கொண்டு கனக்கும். தொட்டால் காய்ந்தது மாதிரியே இருக்கும். இந்தத் தொழிலில் இதைச் செய்யாதவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். கதம்பைக் குளம் பத்தடி தூரத்தில் இருந்தது, கறுத்து, குமிழி விட்டுக்கொண்டு. வாளியை அதில்தான் முக்கினேன். உன் இரண்டு சாக்குக்கு நான் காசு வாங்கவில்லை. காசு வாங்காத சாக்குக்கு எடை ஏற்றி என்ன லாபம்? ஒன்றும் இல்லை. கை பழகிவிட்டது, தெளித்தது.

கதிர் கொடுக்கும் மெஷின் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில். நோயாளிகள் எல்லாம் போன பிறகு சாயங்காலம் உனக்கு அரை மணி நேரம் அனுமதி. எலிப்பெட்டிகளை என் லோடு வேனில்தான் கொண்டுபோனோம். செக்போஸ்டில் ஒருத்தன் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான்.

"எந்தா இது?"

"எலி சாரே."

"எலியோ? பில் எவிடெ?"

"எலிக்கு பில் கெடயாது சாரே. வேணும்னா ஒண்ணை எடுத்துட்டு ரசீது தாங்க" என்றேன். அவன் தார்ப்பாயை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். நீ என் தொடையில் கிள்ளினாய். "சாவப்போற சீவனை வச்சுத் தமாசு பறையாதட்டி." வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போகும்வரை நீ முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாய். பிறகு நீயே, "ரசீதாம்" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய்.

மெஷினில் வைத்த உடனே எலி செத்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அரிசி கொறித்துக்கொண்டிருந்தன. சாவு பிறகுதான் வந்தது. ஒரு வாரம் கழித்து உன் லேபுக்கு வந்தேன். வந்திருக்கக் கூடாது. மருந்து போகாத எலிகள் மயிர் சிலிர்த்து, முதுகு வளைந்து, மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பின்பக்கம் எல்லாம் ஈரம், ரத்தம். இறந்ததை உயிரோடு இருந்தது கடித்திருந்தது. நான் வராந்தாவில் போய் வாந்தி எடுத்தேன். நீ கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிப் பார்த்து எழுதினாய். உள்ளே வரச் சொன்னாய்.

"முகத்தைத் திருப்பாத. நாம செஞ்சத நாம பாக்கணும்."

இந்தச் சொல்லை நீ அப்புறம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். அன்று எனக்கு அது எலியைப் பற்றிய பேச்சாகத்தான் கேட்டது.

என் செடியைக் காய்ச்சி வடிகட்டி, முந்தின நாள் வயிற்றில் ஊசி போட்ட எலிகள் மட்டும் ஒரு மாதம் கழித்தும் பெரும்பாலும் பிழைத்து நின்றன. நீ கல்லூரியில் இருந்து நேரே கடைக்கு வந்தாய். பழம்பொரி வாங்கி லோடு ஏற்றுகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தாய். "யாருட்டயும் பறஞ்சிராத, இன்னொருக்கா செஞ்சு பாக்கணும்" என்றாய். ஒரு வாரத்துக்குள் டானிக்காரனிடம் சொன்னது நான்தான். அவன் பேப்பரில் படிக்கவில்லை, உன் கல்லூரியில் கேட்கவில்லை. என் சரக்கு போவதற்காக நான் சொன்னேன். அந்த வாரமே முதல் ஆர்டர் வந்தது.

இன்னொரு தடவை நீ செய்தாய். அதற்கு என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து நீயே வயல் வரப்பில் போய்ப் பறித்து, வீட்டுக் கிணற்று நீரில் அலசி, மொட்டைமாடியில் காய வைத்திருந்தாய். அதே கதிர், அதே வகை எலி. எல்லாம் செத்தன. மறுபடி செய்தாய், செத்தன. என் சாக்கில் மிச்சமிருந்ததை எடுத்துச் செய்தாய், பிழைத்தன.

அப்புறம் நீ என் கடைக்கு வந்து நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கணக்குப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, உன் சரக்குல வல்லதும் சேத்தியா?"

"என்ன சேக்கதுக்கு?"

"வேற செடி? பூச்சி மருந்து? எதா இருந்தாலும் பறஞ்சா போதும். நான் யாருட்டயும் சொல்லமாட்டேன்."

"ஒண்ணும் சேக்கல்ல. என் பிள்ளமேல சத்தியம்."

நீ என்னையே பார்த்தாய். பிறகு, "செரி, அப்போ எனக்குத்தான் எங்கயோ கை பிசகுது" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

டானிக்காரன் வருஷக் கணக்குக்கு எழுதிக் கொடுத்திருந்தான். வெள்ளம் தெளித்ததாக ஒரு வார்த்தை வெளியே போனால் அரிஷ்டக்காரர்கள் முதல் எல்லோரும் என் சாக்கைத் திறந்து பார்ப்பார்கள். அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

கை பிசகு எங்கே என்று தேடியே உனக்கு ஆறு வருஷம் போனது. எலிக்கூட்டை மாற்றினாய், தீவனத்தை மாற்றினாய், ஊசியைப் புதிதாக வாங்கினாய். உன் துறைத் தலைவர், "முதல்ல வந்ததை எழுதிக் குடும்மா, மத்ததை யாரு கேக்கப் போறா" என்றாராம். நீ எழுதவில்லை. பட்டம் வரவில்லை, பதவி உயர்வு வரவில்லை. உனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள் உனக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். உன் தாள்கள் இரும்பு அலமாரியில் கிடந்தன.

அணு உலைப் பேச்சு கடற்கரை முழுக்கப் பற்றி எரிந்த வருஷம் டானிக்காரனுக்கு அடித்தது யோகம். கடற்கரை மண்ணிலேயே கதிர் இருக்கிறது என்று ஏற்கனவே பயந்து கிடந்த ஊர்கள். ஆட்டோவில் மைக் கட்டி விற்றான். எனக்கு ஆர்டர் மும்மடங்கு. மாடி எடுத்தேன். வீடு பால் காய்ச்ச நீயும் வந்தாய், சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல உறப்பா கெட்டியிருக்கட்டி" என்றாய். நீ செய்து பார்த்துத் தோற்றதாக நினைத்த எலிகளின்மேல் நின்றது அந்த மாடி. அன்று உனக்கு இலையில் இரண்டாவது பாயசம் நானே ஊற்றினேன்.

அதற்கு அடுத்த வருஷம் உனக்கு மார்பில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். பிறகு கதிர் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதே ஊர், அதே ஆஸ்பத்திரி. மெஷின் மட்டும் புதுசு. "எலி போன வழியில நானும் போறேன் பாத்தியா" என்றாய், என் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து. செக்போஸ்டில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் எதையும் கேட்கவில்லை.

ஒருநாள் வரிசையில் உன் பக்கத்தில் இனயம் என்ற கடற்கரை ஊர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கடலுக்குப் போகிற அவள் கணவனுக்குத் தொண்டையில் நோய். மடியில் இருந்து பாட்டிலை எடுத்து மூடியில் ஊற்றி அவனுக்குக் கொடுத்தாள். நீ அந்த லேபிளைப் படிப்பதை நான் பார்த்தேன். உன் கல்லூரிப் பெயர் இல்லை, உன் பெயர் இல்லை. ஆனால் எலி இருந்தது. பிழைத்து நிற்கிற எலி, சாகிற எலி என்று இரண்டு படம்.

அவள் உன்னிடம் நீட்டினாள். "கொஞ்சம் குடியுங்க டீச்சரே. கதிரு ஒண்ணும் செய்யாது. இதைக் கண்டுபிடிச்சதும் ஒரு டீச்சருதானாம்."

"எத்தன நாளா குடுக்கிய?"

"கதிரு தொடங்கின நாள்ல இருந்து."

நீ பொறுமையாகச் சொன்னாய். கதிருக்குப் பிறகு கொடுத்தால் இது எலிக்கே உதவியதில்லை. முன்னால் கொடுத்து உதவினாலும் அது நல்ல சதையை மட்டும் பார்த்துக் காக்காது, கட்டியையும் சேர்த்துக் காப்பாற்றிவிடலாம். பிறகு எதற்குக் கதிர்? இப்போது ரத்தத்தில் வெள்ளையணு குறைந்து கிடக்கும்போது, சுத்தமில்லாத எது உள்ளே போனாலும் அதுவே ஆளைக் கொல்லும். அவள் எல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டு உன் கையைப் பிடித்து, "விலை கூடுதல்னு நெனச்சு வேண்டாங்கிறியளோ? காசு வேண்டாம் டீச்சரே, நான் தாறேன்" என்றாள்.

நீ எழுந்து வராந்தாவுக்கு வந்தாய். நானும் வந்தேன். அந்த மூடியில் இருந்தது என் சரக்கு. என் குளம். அந்த மனிதன் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியதை நான் பார்த்துவிட்டேன். அங்கேயே சொன்னேன். வெள்ளம் தெளித்தது, எந்தக் குளம், உன் சாக்கிலும் தெளித்தது, சத்தியம் பொய் என்பது, எல்லாம்.

நீ அடிப்பாய் என்று நினைத்தேன். நீ கேள்வி கேட்டாய்.

"காஞ்ச பொறவா தெளிச்ச, முன்னயா?"

"காஞ்ச பொறவு."

"எத்தன நாளு மூடி வச்ச?"

"ஒரு ராத்திரி. சில லோடு ரெண்டு மூணு நாளு."

"அழுகின வெள்ளமா? கறுத்தா?"

"கறுத்து."

உன் முகம் மாறியது. எட்டாம் வகுப்பில் விடை தெரிந்தபோது எழுந்து நிற்பாயே, அந்த முகம். "ஏட்டி, அது செடியே இல்ல" என்றாய். "அழுக்கு. கிருமிக்க தோல்ல உள்ள விஷம். எத்தன கொதிக்க வச்சாலும் போவாது, வடிகட்டினாலும் போவாது. முந்துன நாளு கொஞ்சம்போல ஊசியில போனா உடம்பு மிரண்டு எழும்பி நிக்கும். பொறவு கதிரைத் தாங்கும். புஸ்தகத்துல எப்பவோ உள்ள காரியம். நான் படிச்ச காரியம்தான்." நீ சிரிக்கக்கூடச் செய்தாய். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

பிறகுதான் கோபம் வந்தது. மெதுவாக வந்தது. "மொதல்லயே அதுதான் எனக்குத் தோணிச்சு. கிருமியா இருக்குமோண்ணு. நீ பிள்ளமேல சத்தியம் பண்ணின உடனே விட்டுட்டேன். ஆறு வருசம் ஏட்டி. நான் என் கையைச் சந்தேகப்பட்டேன்."

நான் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டேன். "மன்னிக்கதுக்கு எனக்கு நேரமில்ல. குளத்துல கொறச்சு வெள்ளம் கொண்டுவா" என்றாய்.

பெரிய கேனில் கொண்டுவந்தேன். உன் துறையில் உன்னோடு வேலை பார்க்கும் ஒருத்தியை வைத்துச் செய்தாய். செடி ஒரு இலைகூட இல்லை. வெறும் கதம்பைக் குளத்து வெள்ளம், கொதிக்க வைத்து, வடிகட்டி, முந்தின நாள் ஊசி. எலிப்பெட்டி மறுபடி என் வேனில் போனது. ஒரு மாதம் கழித்து அந்த எலிகள் பிழைத்து நின்றன. அந்தச் செய்தியைக் கேட்கும்போது நீ படுக்கையில் இருந்தாய். எழுந்து உட்கார்ந்து, தலையணையைச் சாய்த்து வைத்து, அறிக்கை எழுத ஆரம்பித்தாய்.

எழுதி முடித்ததும் ஒரே ஒரு இடம் காலியாகக் கிடந்தது. அந்த வெள்ளம் செடிக்குள் எப்படி வந்தது என்று யாராவது சொல்ல வேண்டும். நீ ஊகமாக எழுதமாட்டாய். "அத நீதான் எழுதணும். கையெழுத்துப் போட்டு" என்றாய்.

டானிக்காரனுக்குச் சரக்கை அன்றைக்கே நிறுத்தினேன். அதில் நான் தயங்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான் பார்க்கிறேன் என்றேன், வேண்டாம் என்றாய். ஆனால் கையெழுத்து என்றபோது என் வாய், வியாபாரியின் வாய், "சீசன் முடியட்டும்ட்டி, எல்லாரும் லோடு எடுத்துப் போன பொறவு எழுதித் தாறேன்" என்றது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

சீசன் முடிய மூன்று வாரம் இருந்தபோது நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகும் இரண்டு சீசன் முடிந்துவிட்டது. நான் எழுதவில்லை. போஸ்டர் அடித்தேன், கல்லறைக்குப் பூ வைத்தேன், உன் பிள்ளைகளுக்குப் பலகாரம் அனுப்பினேன். அந்த ஒரு பக்கத்தை எழுதவில்லை. நான் கொடுக்காமல் விட்ட அந்த இடத்தில்தான் டானிக்காரன் வந்து உன் முகத்தை ஒட்டியிருக்கிறான். நான் நிறுத்திய பிறகு அவன் வேறு ஒருத்தியிடம் வாங்குகிறான், அவளுக்கும் பக்கத்தில் ஒரு குளம் இருக்கும். அந்தப் பாட்டிலை அவன்மேல் வந்த கோபத்தில் உடைத்ததாகத்தான் நேற்று நினைத்தேன். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கும்போது ஒன்றில் உன் சரிந்த மூக்குக் கண்ணாடி மட்டும் தனியே இருந்தது. அவன் செய்தது என்னுடையதில் பாதிகூட இல்லை.

நாம செஞ்சத நாம பாக்கணும். உன்னிடம் இருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பேச்சுதான். காலையில் இருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாற்றம்தான்.

இந்த மடலோடு தனியாக ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். சாயங்காலம் கடை அடைக்கும் முன் உன் துறையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், உன் அறிக்கையின் காலி இடத்தில் வைக்கச் சொல்லி. அந்த இனயத்துக்காரிக்கு ஒரு நகல், டானிக்காரனுக்கு ஒரு நகல், அரிஷ்டக்காரர்களுக்கு ஒவ்வொன்று. நாளை அவர்கள் என் சாக்குகளைத் திறந்து பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நீ கேட்டதும் நான் ஒத்துக்கொண்டதும் இதுதான்: ஒரு பக்கம், என் சொந்தக் கையெழுத்தில், என் பெயர், கடைப் பெயர், எந்தக் குளம், எத்தனை வாளி. தள்ளுபடி கிடையாது. மன்னிப்பு இதில் சேராது. சீசன் முடியும்வரை பொறுப்பதும் கிடையாது.